அங்க போய் வாங்கிக்கோ

ஜெர்மனியிலிருந்து வந்த கடிதத்தில் பூட்ஸைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதியிருந்தது.

சதாசிவன் அதை மணல் ஷெட்டின் பின்பக்கம் உட்கார்ந்து, கடற்காற்றில் தாள் பறந்துவிடாமல் முழங்காலோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று முறை வாசித்தான். அவன் காரோடு என்ற ஊர்க்காரன். வயது இருபத்தாறு. மிஷன் பள்ளியில் நாலாம் பாரம் வரை படித்தவன். கடற்கரையின் கறுப்பு மணலை அலசி, காஸ் விளக்குத் திரிக்கு வேண்டிய சரக்கைப் பிரித்தெடுக்கும் கம்பெனியில் ஆறு வருடம் முன்பு சுமை தூக்கும் சுமட்டுக்காரனாகச் சேர்ந்தான். கம்பெனியை நடத்தும் ஜெர்மன் துரையின் சோதனை அறையைப் பெருக்கித் துடைக்கப் போன இடத்தில், பார்த்துப் பார்த்தே வேலையைப் படித்துக்கொண்டான். இப்போது ஒரு கைப்பிடி மணலைக் கொடுத்தால் அதில் சரக்கு எவ்வளவு என்று ஹார்ட்விக் துரைக்குச் சமமாகச் சொல்லுவான். அவனை இரண்டு வருடம் தங்கள் நாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவேண்டும் என்று துரை எழுதிக் கேட்டிருந்தார். சம்மதம் வந்துவிட்டது. ஐப்பசிக் கடைசியில் தூத்துக்குடியில் கப்பல்.

ஆய்வுக்கூடம் மலைமேல் இருந்தது. வருடத்தில் ஐந்து மாதம் பனி. தங்கும் வீட்டிலிருந்து வேலைக்கு இரண்டு மைல் தூரம். பனிக்காலத்தில் எல்லோரும் ஸ்கீ என்கிற நீளப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு வழுக்கித்தான் போய்வருவார்கள். பலகையைக் கூடம் தரும். பூட்ஸ் அவரவர் பாடு. முன்பக்கம் சதுரமாக இருக்கவேண்டும், அடித்தோல் கனமாக இருக்கவேண்டும், பலகையின் வார் நழுவாமல் நிற்கக் குதிகாலைச் சுற்றி ஒரு பள்ளம் வேண்டும். பக்கத்தில் படமும் வரைந்திருந்தார்கள். கடைசியில் இப்படி இருந்தது: 'ஊரிலேயே தைத்து, நடந்து பழக்கிக்கொண்டு வரலாம். இங்கே வந்தும் வாங்கலாம். ஆனால் கடையில் தயாராக இருப்பவை எங்கள் கால்களுக்கு ஏற்றவை. அளவு கொடுத்துத் தைப்பதென்றால் பனிக்காலத்தில் ஆறு வாரம் ஆகும்.'

துரை கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அங்கே வாங்கிக்கொள், அதுதான் சுலபம்," என்றார்.

கம்பெனியில் கணக்கு எழுதும் தாணுலிங்கமும் அதையே சொன்னான். பாறசாலைக்கு மேற்கே, பெரிய ரோட்டோரம் வீடுள்ள ராயசம் கைலாசம் பிள்ளையின் ஒரே மகன் அவன். பிள்ளை முன்பு சர்க்கார் கச்சேரியில் ராயசமாக, அதாவது எழுத்தராக இருந்தவர். இப்போது நிலமும் தென்னந்தோப்புமாக இருக்கிறவர். ஜெர்மனிக்கு முதலில் தாணுலிங்கத்தைத்தான் துரை கேட்டார். கடல் கடந்தால் சாதியை விட்டுத் தள்ளிவிடுவார்கள் என்று அப்பா தடுத்துவிட்டார். அந்த வருத்தத்தையும் மீறிச் சதாசிவனோடு ஒட்டுறவாக இருந்தவன் தாணுலிங்கம். இவன் வீட்டுக்கு ரகசியமாக வந்து மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்றவன்.

"எலே, அங்க போய் வாங்கிக்கோ. இஞ்ச எதுக்கு வம்பு?" என்றான்.

வீட்டில் மனைவி அம்மிணி கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தின் விஷயத்தைக் கேட்டதும் கையை நிறுத்தினாள்.

"அங்க போய் வாங்கிக்கிடுங்க. அதக் காலுல மாட்டிக்கிட்டு இஞ்ச எந்த ரோட்டுல நடப்பிய? உயிரோட கப்பல் ஏறாண்டாமா?"

சதாசிவன் தன் காலைப் பார்த்தான். இருபத்தாறு வருடமாக மண்ணையும் மணலையும் மிதித்து விசிறிபோல் விரிந்த கால். ஒருமுறை துரை இல்லாத நேரத்தில் அவருடைய பழைய பூட்ஸை எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறான். பாதிப் பாதத்துக்கு மேல் நுழையவில்லை. ஜெர்மனியில் கடையில் தொங்குகிற எந்த பூட்ஸும் இந்தக் காலில் ஏறாது. ஆறு வாரம் அவன் என்ன செய்வான்? மூட்டையைப்போல வண்டியில் ஏற்றி இறக்குவார்களா? இதெல்லாம் நியாயமான யோசனை. ஆனால் ஆளுக்காள் 'அங்க வாங்கிக்கோ' என்று சொல்லச் சொல்ல, அவன் நெஞ்சுக்குள் ஏதோ காய ஆரம்பித்தது. பூட்ஸைப் பற்றி அவர்கள் யாருமே பேசவில்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் நெய்யாற்றின்கரைக்கு நடந்தான்.

செல்லசாமி அங்கே சந்தைக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் பூட்ஸ் தைப்பவர். திருவனந்தபுரத்துப் பட்டாளத்துக்கும் போலீசுக்கும் அவர் கைவேலைதான் போகும். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, கையெல்லாம் வடு. படத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குதியில இந்தப் பள்ளம் எதுக்காக்கும்?"

சதாசிவன் சொன்னான்.

"காலைக் காட்டு."

அவர் சதாசிவனின் பாதத்தை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். கட்டைவிரலை விரித்தார், குதியை அமுக்கினார், நூலால் சுற்றி முடிச்சுப் போட்டார். "இதுக்கு ஏத்த அச்சுக் கட்டை எனக்க கிட்ட இல்ல. மரத்துல புதுசா செதுக்கணும். பதினஞ்சு நாளு ஆவும்," என்றார். "அங்க போய் வாங்கலாம்ணு நெனச்சிராத. செருப்பிலயே வளந்த காலுக்குத் தைச்சதுல உன் காலு நுழையாது. நுழைஞ்சாலும் ரெண்டு நாளுல ரத்தம் வரும்."

உள்ளே போய் ஒரு செம்பில் வெள்ளம் கொண்டுவந்து நீட்டினார். நடந்து வந்த தாகம் சதாசிவனுக்கு உண்டு. ஆனாலும் "வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிட்டான். செல்லசாமி செம்பைக் கீழே வைத்தார்.

புரட்டாசி நடுவில் பூட்ஸ் தயாரானது. கறுப்பாக, கனமாக, கணுக்காலுக்கு மேலே ஏறி, பதினாறு துளைகளில் கயிறு கோர்த்து இருந்தது. செல்லசாமி சொன்ன நிபந்தனை ஒன்றுதான்: "நாப்பது நாளு, தெவசம் நாலு மைலு, இதப் போட்டுக்கிட்டு நடக்கணும். மணலுல நடந்தா பலிக்காது, தோலு வளையாது. கல்லு போட்ட ரோட்டுல நடக்கணும். வாரத்துக்கு ஒருக்க இஞ்ச கொண்டுவா, கடிக்கிற எடத்தத் தட்டித் தாறேன்."

கல் போட்ட ரோடு அந்தப் பக்கத்தில் ஒன்றுதான் உண்டு. காரோட்டிலிருந்து ஏறி வந்தால், கிழக்கே கோயில் தெரு, அங்கே இவன் கால்வைக்கவே முடியாது. மேற்கே நெய்யாற்றின்கரைக்குப் போகும் வழியில் கைலாசம் பிள்ளையின் வீடு. ரோட்டில் யாரும் நடக்கலாம் என்று சர்க்கார் சொல்லி வருடங்கள் பல ஆகிவிட்டன. ஆனால் சதாசிவன் சாதிக்காரர்கள் பிள்ளையின் வாசலைக் கடக்கும்போது குடையை மடக்குவார்கள், தோள் துண்டை இடுப்பில் கட்டுவார்கள். செருப்பு என்ற பேச்சே இல்லை, யாரிடமும் இருந்ததில்லை.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு அவன் அந்த வழியே நடந்தான். அடித்தோலின் ஆணிகள் கல்லில் பட்டு ஒலித்தன. பிள்ளை வீட்டின் வாசல் மண்டபமான படிப்புரையில் நின்ற, தோப்பு விவகாரம் பார்க்கும் காரியஸ்தன் சத்தம் கேட்டு வெளியே வந்தான்.

"எலே, நில்லு! காலுல என்னது?"

"பூட்ஸு. கம்பெனியில போடச் சொன்னது."

"கம்பெனி கடப்புறத்துலயாக்கும். இது ராயசத்துக்க வாசலு. களத்திக் கையில எடு."

சதாசிவன் குனிந்தான். பதினாறு துளைகளிலிருந்தும் கயிற்றைத் தளர்த்தி, இரண்டு பூட்ஸையும் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு வாசலைக் கடந்தான். அந்தப் பக்கம் பலாமரத்தடியில் உட்கார்ந்து மறுபடி மாட்டினான்.

அன்றிலிருந்து எட்டு நாள் இதே கதை. வாசலுக்கு இந்தப் பக்கம் கல்மதகில் உட்கார்ந்து கழற்றுவான், அந்தப் பக்கம் பலாமரத்தடியில் மாட்டுவான், திரும்பும்போதும் அப்படியே. பூட்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக அவன் காலுக்கு வளைந்து கொடுத்தது. அவன்தான் நாளுக்கு நாள் இறுகினான். அம்மிணியிடம் சிடுசிடுத்தான். சோதனை அறையில் ஒரு கண்ணாடிக் குழாயை உடைத்தான்.

ஒன்பதாம் நாள் மழை பெய்து விட்டிருந்தது. நனைந்த கயிறு முடிச்சு விழுந்து அவிழவில்லை. கல்மதகில் குனிந்து அவன் பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, படிப்புரையில் கைலாசம் பிள்ளை இரண்டு விருந்தாளிகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெர்மனிக்குப் போறவனாக்கும்," என்று விருந்தாளிகளிடம் சொன்னார். பிறகு இவனைப் பார்த்து, "மெள்ள அவுருலே. அவசரம் ஒண்ணும் இல்ல. எங்களுக்கும் பொழுது போவணும்."

மூவரும் சிரித்தார்கள். சதாசிவன் நிமிர்ந்தபோது மாடி ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. தாணுலிங்கம். அவன் சிரிக்கவில்லை. ஆனால் ஜன்னலை விட்டு நகர்ந்துகொண்டான்.

அன்று கம்பெனியில் தாணுலிங்கம் தானாகவே சோதனை அறைக்கு வந்தான்.

"நான்தான் அண்ணைக்கே சொன்னேனே. நீ கேக்கல்ல. அப்பா கொணம் உனக்குத் தெரியாதா?"

"உனக்க கொணம்தான் எனக்குத் தெரியாமப் போச்சு."

"நான் என்னலே செய்யணும்? அவருகிட்ட எதுத்துப் பேச முடியுமா? நீ அங்க போனா எத்தன பூட்ஸு வேணும்னாலும் போடலாம். ஒருத்தன் கேக்கமாட்டான். இஞ்ச ஒரு மாசம் பொறுத்தா என்ன கெட்டுப் போவும்?"

"நான் பொறந்த ஊருலயாக்கும் நான் காலக் களவாணி மாதிரி ஒளிச்சுக்கிட்டு நடக்கேன். அங்க போனா மனுசன், இஞ்ச வந்தா மாடு, அப்படித்தானே? ரெண்டு வருசம் களிஞ்சு நான் திரும்பி வருவேன். அப்பளும் அந்த மதகுல இருந்து பல்லால கயிறு அவுக்கணுமா?"

"சத்தம் போடாத. துரை இருக்காரு."

"எனக்க சத்தம் உங்க அப்பாவுக்குக் கேக்கணும். துரைக்கு எதுக்கு?"

தாணுலிங்கம் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனான். அந்த நிதானத்தைத்தான் சதாசிவனால் பொறுக்க முடியவில்லை. அறைந்து சாத்தியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

மறுநாள் காலை அவன் கல்மதகில் உட்காரவில்லை. பிள்ளையின் வாசலுக்கு நேராக, ரோட்டின் நடுவே, ஒரே சீராக நடந்தான். காரியஸ்தன் கூப்பிட்டான். நிற்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது படிப்புரையைத் தாண்டியிருந்தான். பின்னால் ஓடிவரும் காலடி கேட்டது. தோப்பில் தேங்காய் பறிக்கும் இருவர் அவன் தோளைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். ஒருவன் நெஞ்சில் முட்டியை ஊன்றி அமுக்கினான். மற்றவன் கயிற்றைக் கத்தியால் அறுத்து பூட்ஸை உருவினான். ரோட்டில் போய்க்கொண்டிருந்த இரண்டு மாட்டுவண்டிகள் நின்றன. வண்டிக்காரர்கள் இறங்கவில்லை. உள்ளே தூணோரம் நின்ற தாணுலிங்கமும் வெளியே வரவில்லை.

காரியஸ்தன் பூட்ஸைப் படிப்புரைக் கல்லில் வைத்து வெட்டுக்கத்தியால் கொத்தினான். நல்ல தோல், எளிதில் அறுபடவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தி கல்லில் பட்டுத் தெறித்தது. துண்டுகளை ரோட்டோர ஓடையில் எறிந்தார்கள். கைலாசம் பிள்ளை கடைசியில்தான் வெளியே வந்தார்.

"அங்க போய் வாங்கிக்கோ," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சதாசிவன் வெறுங்காலோடு வீட்டுக்குத் திரும்பினான். முழங்கை தோலுரிந்திருந்தது. அம்மிணி பார்த்தாள். 'நான் சொன்னேனே' என்று அவள் சொல்லுவாள் என்று அவன் காத்திருந்தான். சொன்னால் அவளை அடித்துவிடுவோம் என்றும் பயந்தான். அவள் சொல்லவில்லை. வெந்நீர் வைத்துக் காயத்தைக் கழுவினாள். பிறகு கேட்டாள்:

"தோலு எங்க?"

"ஓடையில."

அவள் தேங்காய் மட்டை சுமக்கும் பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். "எங்க போற?" என்று அவன் கத்தியதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனும் பின்னால் ஓடினான். அவள் அவ்வளவு வேகமாக நடந்து அவன் பார்த்ததில்லை.

பிள்ளையின் படிப்புரைக்கு முன்னால் நின்று அவள் உரக்கச் சொன்னாள்: "ஏமானே, எனக்க மாப்பிள்ளைக்க பூட்ஸு இஞ்ச கெடக்கு. நான் எடுக்க வந்தேன்."

காரியஸ்தன் அதட்டினான். அவள் குரலை இன்னும் உயர்த்தினாள். உள்ளேயிருந்து பிள்ளையும், அவருக்குப் பின்னால் மனைவி நீலாம்பாளும் வந்தார்கள். தூணோரம் தாணுலிங்கம் நின்றான்.

"பொம்பிளயா போய்ட்ட. திரும்பிப் போயிரு," என்றார் பிள்ளை. "அத நாயி கொண்டு போச்சு."

"நாயி கொண்டு போவல்ல. நீங்க கொத்தினீய. எனக்குக் காலுல ஒண்ணும் இல்ல, பாத்துக்கிடுங்க. இனி என்னத்தக் கொத்துவீய? காலக் கொத்துவீயளா?"

நீலாம்பாள் கணவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து, "கெடக்கதப் பெறக்கிட்டுப் போவட்டும், விடுங்க. ரோட்டுல ஆளு கூடுது," என்றாள். அவள் குரலில் இரக்கம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

அம்மிணி அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. ஓடையில் இறங்கினாள். முழங்கால் அளவு சேற்றில் துழாவித் துழாவித் தோல் துண்டுகளை எடுத்துப் பெட்டியில் போட்டாள். ஒரு அடித்தோல், இரண்டு குதி, நாக்குத் துண்டு, அறுந்த கயிறு. இன்னொரு அடித்தோல் கிடைக்கவில்லை. சதாசிவனும் இறங்கினான். இருவரும் தேடினார்கள். ரோட்டில் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

மேலே ஏறியதும் அவள் தூணைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, நீங்க எங்க வீட்டுல எத்தன நாளு மரச்சீனி தின்னிய? எனக்க கையால வெளம்பித் தந்தேன்."

பிள்ளை சடாரென்று மகன் பக்கம் திரும்பினார். தாணுலிங்கம் வெளிறிப் போய் உள்ளே போய்விட்டான்.

பிள்ளைக்கு அந்த ஒரு பதிலடி போதும் என்று அம்மிணிக்குத் தோன்றியது. சதாசிவனுக்குப் போதவில்லை. தோல் துண்டுகள் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நெய்யாற்றின்கரைக் கோர்ட்டு வாசலில் மனு எழுதும் கிழவரிடம் போனான். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"எழுதித் தாறேன். ஆனா ஒண்ணு கேப்பாவ. பனிக்குப் போடற பூட்ஸ இந்த வெயிலுல எதுக்குப் போட்டே? அங்க போய் வாங்கினா என்ன? இதுக்கு என்ன பதில் சொல்லுவ?"

சதாசிவன் அவர் கையிலிருந்த தாளைப் பறித்துக் கசக்கி எறிந்துவிட்டு எழுந்தான்.

அங்கிருந்து நேராகச் செல்லசாமியின் கொட்டகைக்குப் போனான். பெட்டியைக் கவிழ்த்தான். செல்லசாமி ஒவ்வொரு துண்டாக எடுத்து வரிசையாக வைத்தார். வெட்டுப்பட்ட விளிம்புகளை விரலால் தடவினார். அவர் முகம் கறுத்தது.

"பதினஞ்சு நாளு எனக்க வேல இது."

"நான் என்ன செய்யட்டும் அண்ணே?"

"எட்டு நாளு களத்தி கையில எடுத்துக்கிட்டு போனியாமே. சந்தையில சொன்னாவ. எனக்க பூட்ஸத் தூக்கிக்கிட்டு வெறுங்காலோட போனியா?"

"இப்ப நான் களத்தல்ல. அதுனாலதான் கொத்தினாவ."

"கொத்தினவனுக்க மேல எனக்குக் கோவம் உண்டு. உனக்க மேலயும் உண்டு." செல்லசாமி எழுந்து நின்றார். "அண்ணைக்கு நான் வெள்ளம் தந்தேன். குடிச்சியா? அம்புட்டு தூரம் நடந்து வந்தவன், நாக்கு வறண்டு நிக்கான், வேண்டாங்கான். எனக்க மடியில காலு வைக்கலாம், எனக்க செம்புல வாயி வைக்கப்பிடாது. ராயசத்துக்கும் உனக்கும் என்னலே வித்தியாசம்? சொல்லு. அவனுக்கு ரோடு இருக்கு, உனக்கு இல்ல. அம்புட்டுத்தானே?"

மூலையில் பானை இருந்தது. சதாசிவன் போய்ச் செம்பில் மொண்டு குடித்தான்.

"இப்பத் தாகம் வந்துட்டாக்கும்," என்றார் செல்லசாமி. அவர் சமாதானம் ஆகவில்லை. ஆனால் உட்கார்ந்து கட்டையைத் தேடி எடுத்தார். "கட்டை இருக்கதுனால எட்டு நாளுல தாறேன். இந்தத் தடவ களத்தினன்னு கேட்டேன், கப்பலுல வந்து புடுங்குவேன்."

இரண்டாவது ஜோடி வந்தபோது கப்பலுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. நாற்பது நாள் நடையை இருபதில் முடிக்க வேண்டும். தினம் எட்டு மைல். முதல் நாள் காலை அவன் புறப்பட்டபோது அம்மிணி மட்டை வெட்டும் கத்தியை எடுத்துத் தலைச்சுமட்டின் மேல் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"நீ எதுக்கு?"

"எனக்கும் ரோட்டுல வேல உண்டு."

பிள்ளை வீடு நெருங்கியது. ஆணிகள் கல்லில் அடித்துக்கொண்டு வந்தன. காரியஸ்தன் படிப்புரையில்தான் இருந்தான். பார்த்தான். வெற்றிலையைத் துப்பினான். எழுந்து வரவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் சதாசிவன் வேண்டுமென்றே அந்த வாசலுக்கு எதிரே நின்று, கயிற்றை அவிழ்த்து, இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தான். யாரும் தடுக்கவில்லை. கம்பெனி சுமட்டுக்காரர்கள் நாலைந்து பேர் தோளிலிருந்து துண்டை எடுக்காமல் அவன் பின்னால் வந்தார்கள். அம்மிணி அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சிரித்தாள். "பயந்துட்டானுவ," என்றாள். அவனும் அப்படித்தான் நினைத்தான். பன்னிரண்டு நாள் அந்த நினைப்போடு நடந்தான்.

பதின்மூன்றாம் நாள் தாணுலிங்கம் சோதனை அறைக்கு வந்தான். நன்றியை எதிர்பார்க்கும் முகத்தோடு நின்றான்.

"இப்பத் தொந்தரவு இல்லையே?"

"இல்ல."

"நான்தான் துரைகிட்டச் சொன்னேன். துரை கச்சேரிக்கு ஒரு காயிதம் எழுதினாரு, 'என் ஆளைத் தடுத்தால் கம்பெனி வேலை கெடும்' என்னு. மேலேருந்து அப்பாவுக்குச் சொல்லி அனுப்பிட்டாவ. அப்பா ரெண்டு வாரமா என்கூட ஒரு வார்த்த மிண்டல்ல. உனக்கு வேண்டித்தான்."

சதாசிவன் கையிலிருந்த தராசுத் தட்டைக் கீழே வைத்தான். ஓடையில் இறங்கித் துழாவிய அம்மிணியின் சேற்றுக் கால் ஞாபகம் வந்தது. அவள் தலைமேல் செருகிய கத்தி, பின்னால் வந்த நாலு பேர், எல்லாமே ஒரு வெள்ளைக்காரனின் காகிதத்துக்குப் பின்னால் போய்விட்டன.

"உன்கிட்ட யாரு காயிதம் கேட்டா?"

"என்னலே இப்படிப் பேசுத? நல்லதுதானே செஞ்சேன்?"

"துரைக்க ஆளு. துரைக்க மாடுன்னு எழுதியிருந்தாலும் ராயசம் வழி விட்டிருப்பாரு. நீ துரைக்க ரூமுக்கு நடந்தியே, அந்தத் தூரம் கூட இல்ல உங்க வீட்டுத் தூணுல இருந்து வாசலுக்கு. எனக்க நெஞ்சுல ஒருத்தன் முட்டு வச்சு அமுக்கும்போது நீ வந்து, 'விடுங்கலே' என்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். பூட்ஸு போனா போகட்டும்னு இருந்திருப்பேன்."

"என்னால முடியல்ல," என்றான் தாணுலிங்கம். அவன் கண் கலங்கியது.

அந்தக் கண்ணீர் சதாசிவனை இளக்கவில்லை. "அப்ப என்கிட்ட வராத," என்றான்.

வீட்டில் அம்மிணியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் திரித்துக்கொண்டிருந்த கயிற்றை முடிந்து ஓரமாக வைத்தாள். "காயிதம் உங்களுக்குத்தானே? எனக்கு இல்லையே?" என்று கேட்டாள். அவனுக்குப் புரியவில்லை. "செல்லசாமி அண்ணனுக்கு எனக்க கால் அளவக் குடுத்துட்டுப் போங்க," என்றாள்.

புறப்படும் நாளில் நாகர்கோவில் வண்டி பாறசாலைச் சந்திப்பில் நின்றது. சதாசிவன் பூட்ஸோடு ஏறி உட்கார்ந்தான். தாணுலிங்கம் ஒரு கம்பளி மப்ளரை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"எலே, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

சதாசிவன் மப்ளரை வாங்கவில்லை. "எனக்க பொஞ்சாதி இனி உங்க வாசல் வழியாச் செருப்புப் போட்டு நடப்பா. அவளுக்கு எந்தத் துரையும் காயிதம் எழுதமாட்டான். அண்ணைக்கு நீ வெளிய வந்து நில்லு. நின்னா எனக்கு எழுது," என்றான். வண்டி நகர்ந்தது.

ஜெர்மனியில் பூட்ஸ் கடிக்கவில்லை. முதல் வாரம் பலகையில் நிற்கத் தெரியாமல் எத்தனையோ தடவை விழுந்தான். பூட்ஸ் மட்டும் பள்ளத்தில் வாரைப் பிடித்துக்கொண்டு உறுதியாக நின்றது. தை மாதம் அம்மிணியிடமிருந்து கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதிக் கொடுத்தது. அவள் மூன்று முறை செருப்போடு நடந்தாள். மூன்றாம் முறை தோப்புக்குள்ளிருந்து யாரோ கல்லெறிந்தார்கள், புருவத்தில் தையல். நாலாம் முறையும் நடந்தாள். செல்லசாமி அண்ணன் அன்று கூட நடந்தார், அவரும் தான் தைத்ததைக் காலில் போட்டுக்கொண்டு. வாசலுக்கு யாரும் வரவில்லை, தாணுலிங்கமும் வரவில்லை.

தாணுலிங்கத்திடமிருந்து கடிதம் எதுவும் இல்லை.

மறுநாள் விடியலின் வெளுப்பில் சதாசிவன் பலகைகளைக் கட்டிக்கொண்டு புறப்பட்டான். அன்று ஒருமுறைகூட விழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மைலும் ஒரே மூச்சில் போனான். ஆய்வுக்கூடத்தில் யாரும் வந்திருக்கவில்லை. அடுப்பு மூட்டாத அறையில் மேஜைமுன் நின்றபடி ஒரு தாளை இழுத்து, 'தாணுலிங்கத்துக்கு, நீ வெளியே வந்து நிற்கவில்லை' என்று எழுதினான். அழுத்திய அழுத்தில் பென்சில் முனை ஒடிந்தது. கத்தியை எடுத்துச் சீவிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்தான்.